கதையில் இல்லாத கை

“இந்தக் கையைத் திறந்து தரணும், டீச்சர்.”

ததேயுஸ் வலது கையை நீட்டினார். விரல்கள் உள்நோக்கி வளைந்திருந்தன. கட்டைவிரல் எதிர்ப்பக்கமிருந்து வந்து அவற்றைச் சந்தித்தது. நிமிர்த்த முடியவில்லை.

சுகிர்தா டீச்சர் கையைப் பார்க்கவில்லை. அவருடைய கால்களைப் பார்த்தார்.

“செருப்பைக் கழட்டிட்டு உள்ள வாங்க, அண்ணே.”

ததேயுஸுக்கு ஐம்பது தாண்டியிருந்தது. கடற்கரை ஊர்க்காரர். பிறந்த நாளிலிருந்து கடல்தான். போன வருஷம் கார்த்திகையில் புயல் அடித்தபோது அவரும் தம்பி பயஸும் ஒரே வள்ளத்தில் இருந்தார்கள். வள்ளம் கவிழ்ந்தது. ததேயுஸ் திரும்பி வந்தார். பயஸ் வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து கை இப்படி.

டாக்டர்கள் படம் எடுத்துப் பார்த்தார்கள். எலும்பு சரியாக இருக்கிறது, நரம்பும் சரியாக இருக்கிறது என்றார்கள். பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு பையன் அவர் கையைச் சூடான மெழுகில் முக்கி எடுத்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கினான். ததேயுஸ் இடது கையால் அவன் கன்னத்தில் அறைந்துவிட்டார். ஏன் அறைந்தோம் என்று அவருக்கே விளங்கவில்லை. மறுநாள் போய் மன்னிப்புக் கேட்டார். அதற்கப்புறம் போகவில்லை.

பங்குச்சாமியார் தலையில் கை வைத்து ஜெபித்தார். மனைவி அழுதாள். கூட்டாளிகள் தோளைத் தட்டினார்கள்.

எல்லாரும் சொன்னது ஒன்றுதான். விட்டுரு.

சுகிர்தா டீச்சர் முன்பு பெண்கள் பள்ளிக்கூடத்தில் டிரில் டீச்சராக இருந்தவர். ததேயுஸைவிட வயதில் மிகவும் இளையவர். வேலையை விட்டு எங்கோ போய்ப் படித்துவிட்டு வந்து, மலையடிவாரத்தில் ரப்பர் தோட்டத்தின் நடுவே ஒரு பழைய புகைப்புரையை வாங்கினார். ரப்பர் ஷீட்டைப் புகை போட்டுக் காய வைக்கும் கட்டடம் அது. சுவரெல்லாம் இன்னும் கறுப்பு. அங்கே பயந்துபோனவர்கள் வந்து தங்கினார்கள். விபத்தில் பிழைத்தவர்கள், அடி வாங்கியவர்கள், தூக்கம் போனவர்கள். டீச்சர் அவர்களோடு நடப்பார், உட்காருவார், கஞ்சி குடிப்பார். வேறென்ன செய்கிறார் என்று கேட்டால் யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது.

கடல் சத்தம் அங்கே கேட்காது. அதனால்தான் ததேயுஸ் வர ஒத்துக்கொண்டார்.

&nbsp;

“எப்படி நடந்துதுன்னு சொல்லட்டா?” என்று கேட்டார் ததேயுஸ்.

“சொல்லுங்க.”

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். போலீசுக்குச் சொன்ன கதை. மீன்துறை அதிகாரிகளுக்கும் டி.வி.காரர்களுக்கும் சொன்ன கதை. ஜெபம் ஒப்பிப்பதுபோல் தடங்கல் இல்லாமல் வந்தது.

“உச்சி சாஞ்ச நேரம் காத்து திசை மாறிச்சு. கரைக்குத் திருப்பினோம். வள்ளம் கவிழ்ந்துது. கவிழ்ந்த வள்ளத்தைப் பிடிச்சிட்டு ரெண்டு பேரும் கெடந்தோம். இருட்டிச்சு. பெரிய அலை ஒண்ணு வந்துது. தம்பியைக் கொண்டு போச்சு. விடிஞ்ச பெறவு கேரளத்து மீன்பிடிப் போட்டு ஒண்ணு வந்து என்னைத் தூக்கிச்சு.”

டீச்சர் கடைசிவரை கேட்டார்.

“இதுல கை எங்க இருக்கு?”

“எந்தக் கை?”

“திறக்கணும்னு கொண்டு வந்தீங்களே, அந்தக் கை.”

ததேயுஸ் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

“கதையில இல்லியே அது” என்றார் டீச்சர். எழுந்தார். “கஞ்சி ஆறிரும். வாங்க.”

&nbsp;

வாரங்கள் போயின.

காலையில் புகைப்புரையின் சிமென்ட் தரையில் வெறுங்காலோடு நடக்க வேண்டும். மெதுவாக. பிறகு சுவரில் முதுகைச் சாய்த்து நிற்க வேண்டும். முதுகு சுவரைத் தள்ளுகிறதா, சுவர் முதுகைத் தள்ளுகிறதா என்று டீச்சர் கேட்பார். பிறகு தலையைத் திருப்பி அறையைச் சுற்றிப் பார்க்க வேண்டும். கண்ணில் பட்டதைச் சொல்ல வேண்டும்.

“ஜன்னல்.”

“ம்.”

“வாளி.”

“ம்.”

“பல்லி.”

“எங்க?” டீச்சரும் திரும்பிப் பார்ப்பார்.

ஒரு நாள் ததேயுஸ் பொறுமை இழந்தார்.

“நான் பல்லி பாக்கவா வந்தேன்? நாளு போகுது. நீங்க எனக்க கையைத் தொட்டுக்கூடப் பாக்கல்ல. கட்டைவிரலுல நகம் குத்திப் புண்ணா இருக்கு.”

“புண்ணுக்கு மருந்து போட்டீங்களா?”

“போட்டேன்.”

“கால் இப்ப எங்க இருக்கு?”

“இதென்ன கேள்வி. தரையிலதான்.”

“வந்த அன்னைக்கு எங்க இருந்துது?”

ததேயுஸ் குனிந்து பார்த்தார்.

“குதிகால் தரையில படவே இல்ல, அண்ணே. விரலாலே தரையைப் பிடிச்சிட்டு நின்னீங்க. வழுக்குற இடத்துல நிக்கிற மாதிரி.”

ததேயுஸ் குதிகாலை ஒரு முறை தூக்கினார். திரும்ப வைத்தார். அது தரையில் படுவதை, முதல் தடவையாகப் பார்ப்பவர்போலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

&nbsp;

ஒரு மத்தியானம் மழை பிடித்தது. மலையிலிருந்து காற்றோடு இறங்கி வந்த மழை. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் பக்கத்திலிருப்பவர் பேசுவது கேட்கவில்லை.

ததேயுஸின் முழங்கால் ஆடத் தொடங்கியது. பிறகு தொடை. பிறகு தாடை. பல் பல்லில் அடித்தது. அவர் இடது கையால் முழங்காலை அமுக்கிப் பிடித்தார். அது நிற்கவில்லை. அறையில் இருந்த மற்றவர்களிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டீச்சர் வந்து அவர் பக்கத்தில், அதே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

“நிறுத்தணுமா?”

“நிறுத்த முடியல்ல.”

“முடியுமான்னு கேக்கல்ல. நிறுத்தணுமா?”

ததேயுஸ் யோசித்தார். முழங்காலை அமுக்கியிருந்த கையை எடுத்தார்.

நடுக்கம் வயிற்றுக்குள் போயிற்று. மார்புக்கு ஏறியது.

“என்ன தெரியுது கண்ணுக்கு?” டீச்சர் காதருகே கேட்டார்.

“கதவு.”

“வெளிய?”

“மரம். பால் எடுக்குற சிரட்டை. தண்ணி நெறஞ்சு வழியுது.”

“முதுகு?”

“சுவருல.”

“கால்?”

“தரையில.”

“நான் எங்க இருக்கேன்?”

“பக்கத்துல.”

அவர் நடுங்கினார். யாரும் அதை நிறுத்தச் சொல்லவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அது தானாகவே குறைந்தது. கடைசியில் ஒரு பெருமூச்சு வந்தது. அடிவயிற்றிலிருந்து வந்தது. அப்படி மூச்சு விட்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்று அவருக்கு ஞாபகம் இல்லை.

“வெக்கமா இருக்கு, டீச்சர்.”

“வேர்த்தா வெக்கப்படுவீங்களா?”

அவர் சட்டையைத் தொட்டுப் பார்த்தார். நனைந்திருந்தது.

அன்று மாலை மழை விட்டதும் டீச்சர் அவர் எதிரில் வந்து உட்கார்ந்து, முதல் முறையாக அந்தக் கையைப் பார்த்தார். தொடவில்லை. தலையைச் சாய்த்து, இப்புறமும் அப்புறமும் பார்த்தார்.

“இதை முஷ்டின்னா சொல்றாங்க எல்லாரும்?”

“ஆமா.”

டீச்சர் தன் கையை மூடிக் காட்டினார். “முஷ்டின்னா உள்ள இடம் இருக்காது.”

பிறகு, தன் மணிக்கட்டை அந்த வளைந்த விரல்களுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார். படாமல்.

ததேயுஸ் இரண்டையும் பார்த்தார். அந்த வளையத்தை. அந்த மணிக்கட்டை.

“உள்ள என்ன இருக்கு, அண்ணே?”

அவர் வளையத்துக்குள் பார்த்தபடி சொன்னார்.

“தம்பி.”

டீச்சர் தலையாட்டினார்.

“எல்லாரும் விடச் சொல்லுதாவ” என்றார் ததேயுஸ்.

“நான் சொல்லல்லியே. பிடிங்க.”

“என்ன?”

“நல்லா பிடிங்க. எவ்வளவு பிடிக்கணுமோ அவ்வளவு.”

அவர் பிடித்தார். முன்கை நரம்புகள் புடைத்தன. தோள் காதுவரை ஏறியது. கண்ணை இறுக்கிக்கொண்டார். ஒரு வருஷமாக யாரும் செய்ய விடாத வேலையை அந்தக் கை முழுப் பலத்தோடு செய்தது.

“நான் தொடலாமா?”

அவர் தலையசைத்தார்.

டீச்சர் தன் இரண்டு கைகளாலும் அவர் கையை வெளியிலிருந்து பொத்தினார். விரல்களைப் பிரிக்கவில்லை. அவை எந்தப் பக்கம் இறுக்கினவோ அந்தப் பக்கமே அவரும் சேர்ந்து இறுக்கினார்.

“கொஞ்ச நேரம் நான் பிடிச்சுக்கிறேன். நீங்க களைச்சுப் போயிருக்கீங்க.”

ததேயுஸின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அதை அழுகை என்று சொல்ல முடியாது. அதற்குப் பின்னால், யாருக்கும் சொல்லாத கதை வந்தது. இது ஒப்பிப்பதுபோல் வரவில்லை. நின்று நின்று வந்தது.

“இடது கையில வள்ளத்துக் கயிறு. வலது கையில அவனுக்க மணிக்கட்டு. அவனுக்குப் பிடிக்கத் தெம்பில்ல. காலுல அடிபட்டிருந்துது. நான் பிடிச்சிருக்கேன்லே, நீ பேசாமக் கெடன்னேன். அவன் பேசிட்டே இருந்தான். பெறவு பேசல்ல.”

“ம்.”

“விடியதுக்கு முன்னாலயே எனக்குத் தெரியும். அவனுக்க கை குளுந்து போச்சு. ஆனா நான் விடல்ல. போட்டுக்காரங்க வந்தாவ. அலை அடிச்சு போட்டு நிக்க மாட்டேங்குது. உயிரோட உள்ள ஆளை மட்டும் தூக்குங்கன்னு ஒருத்தன் கத்தினான். நான் மாட்டேன்னேன். ஒருத்தன் குனிஞ்சு எனக்க விரலைப் பிரிச்சான். ஒவ்வொண்ணா. ஒவ்வொண்ணா, டீச்சர்.”

மெழுகில் முக்கிய கையும், அந்தப் பையனின் கன்னமும் அவருக்கு ஞாபகம் வந்தன.

“அலை கொண்டு போச்சுன்னு எல்லாருட்டயும் சொன்னேன். விரலைப் பிரிச்சாவன்னா, பிரிக்க விட்டியான்னு கேப்பாவல்லா.”

அவர் தோள் இறங்கியது. டீச்சரின் கைகளுக்குள் ஏதோ இளகியது. சுண்டுவிரல் ஒரு நெல்லளவு அசைந்தது. அதற்கடுத்த விரலும்.

சட்டென்று ததேயுஸ் கையைப் பிடுங்கி மார்போடு சேர்த்துக்கொண்டார்.

“போயிருவான்.”

டீச்சர் உடனே கைகளை விலக்கிக்கொண்டார். இருட்டும் வரை இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.

&nbsp;

மறுநாள் காலையில் ததேயுஸ் டீச்சரைத் தேடி வந்தார். கை பழையபடி இருந்தது.

“திரும்பவும் மூடிக்கிட்டுது, டீச்சர்.”

“ம்.”

“நேத்து நீங்க பிடிச்சப்ப நல்லாத்தான் இருந்துது.”

“அப்ப ஏன் இழுத்துக்கிட்டீங்க?”

யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. “உங்களுக்கு அவனைத் தெரியாதே.”

சொன்ன பிறகு கூசிப்போனார். இத்தனை நாள் சோறு போட்ட மனுஷி. “தப்பா எடுத்துக்காதீங்க.”

“தப்பில்லியே. எனக்கு அவரைத் தெரியாது. முகம்கூடத் தெரியாது.” டீச்சர் வாசலில் விழுந்து கிடந்த இலைகளைப் பெருக்கிக்கொண்டிருந்தார். துடைப்பம் நின்றது. “யாருக்குத் தெரியும்?”

ததேயுஸ் வாசற்படியில் உட்கார்ந்தார்.

டீச்சர் காத்திருந்தார்.

“மெற்றில்டா” என்றார் கடைசியில். “அவனுக்க பெண்டாட்டி.”

“பாத்தீங்களா?”

“ஒரே தெருதான். அவ வீட்டு முன்னால போறதில்ல. சுத்திப் போவேன்.”

“இந்த ஒரு வருஷமா?”

“அவ கேட்டா நான் என்ன சொல்ல?”

டீச்சர் துடைப்பத்தைச் சுவரோரம் சாய்த்தார். உள்ளே போனார். ஆணியில் தொங்கிய ததேயுஸின் பையை எடுத்து வந்து, அவர் இடது தோளில் மாட்டிவிட்டார்.

&nbsp;

பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே கடல் சத்தம் கேட்டது. ததேயுஸ் பஸ் நிறுத்தத்தின் தூணில் முதுகைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் நின்றார். கடை தெரிந்தது. கோயில் கோபுரம் தெரிந்தது. சைக்கிளில் ஒருவர் போனார். பிறகு நடந்தார். இந்த முறை சுற்றிப் போகவில்லை.

மெற்றில்டா வீட்டு முன்னால் பழைய வலையை விரித்து நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நிழல் விழுந்ததும் நிமிர்ந்து பார்த்தாள். அடையாளம் தெரிந்தது. மறுபடி குனிந்துகொண்டாள்.

“வழி தெரிஞ்சுதா, அத்தான்?”

“தெரிஞ்சுது.”

அவள் ஒரு ஸ்டூலைக் காலால் நகர்த்தி வைத்தாள். அவர் உட்காரவில்லை.

“அவருக்க பேருக்குப் பூசை வச்சோம். படத்தை வச்சு. வைக்க வேற என்ன இருக்கு. ஊரே வந்துது. உங்க வீட்டு அக்கா வந்தா. நீங்க வரல்ல.”

“வரல்ல.”

“ஏன் வரல்லன்னு நான் கேக்கப் போறதில்ல.” அவள் ஒரு கை மீனை எடுத்து வலையில் பரப்பினாள். “அவரு போனதை ஏத்துக்கிடலாம் அத்தான். கடல்காரனைக் கெட்டினவளுக்கு அது தெரியாததா. ஆனா அந்த இருட்டு. அலை அடிச்சுக் கொண்டு போச்சுன்னு சொன்னீங்கல்லா. அப்ப அந்த இருட்டுல ஒத்தையில எவ்வளவு நேரம் கெடந்து கூப்பிட்டாரோ. யாரு பேரைச் சொல்லிக் கூப்பிட்டாரோ. சோத்தை வாயில வச்சா அந்தச் சத்தம்தான் கேக்குது எனக்கு.”

திரும்பிப் போய்விடலாம் என்று ததேயுஸின் கால் சொன்னது. அவர் செருப்பைக் கழற்றினார். மணல் சுட்டது. குதிகாலை அதில் அழுத்தி நின்றார்.

வலது கையை நீட்டினார்.

“இதுலதான்.”

“என்னது?”

“இதுலதான் இருந்தான். அலை கொண்டு போவல்ல. நான் அவனுக்க கையைப் பிடிச்சிருந்தேன். ராத்திரி முழுக்க. உயிரு இருக்கிற வரைக்கும். போன பெறவும். போட்டுக்காரங்க எனக்க விரலைப் பிரிச்சுத்தான் அவனைக் கடலுல விட்டாவ. நான் விடல்ல. ஆனா கரைக்கு வந்தப்ப இந்தக் கையில அவன் இல்ல. அதை உனக்கிட்ட எப்படிச் சொல்லுவேன்னுதான் நான் வரல்ல.”

மெற்றில்டா அந்தக் கையைப் பார்த்தாள். அது இப்படி ஆகிவிட்டது என்று கேள்விப்பட்டிருந்தாள். பார்த்ததில்லை.

எழுந்தாள். கையிலிருந்த செதிலைச் சேலையில் துடைத்தாள். ஒரு முறை துடைத்துவிட்டு இன்னொரு முறையும் துடைத்தாள்.

வளைந்த அந்த விரல்களுக்குள் தன் கையை நுழைத்தாள். மணிக்கட்டு வரை.

பயஸின் மணிக்கட்டு அளவுக்கு நின்றுபோன வளையம். அவளுடையது சிறியது. சுற்றிலும் இடம் மிஞ்சியது.

ததேயுஸ் நடுங்கினார். நிறுத்தவில்லை. அந்த மணிக்கட்டு சூடாக இருந்தது. அதில் நாடி அடித்தது.

“பேசினாரா?” என்றாள் அவள்.

“பேசினான்.”

“என்ன பேசினாரு?”

“மக படிப்பைப் பத்தி. வீட்டுக்குப் பின்னால மதில் கெட்டணும்னு. பெறவு, அன்னைக்கு நீ கட்டிக் குடுத்த கறியில உப்பு கூடுதலாம். உனக்கிட்ட சொல்லாம வந்துட்டானாம். சொன்னா நீ திட்டுவியாம்னு சிரிச்சான்.”

மெற்றில்டா சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியிலேயே வேறாக மாறிற்று. அவள் அப்படியே மணலில் உட்கார்ந்தாள். அவரும் கூடவே உட்கார்ந்தார். தெருவில் போனவர்கள் நின்றார்கள். பிறகு போனார்கள்.

“ஒத்தையில போவல்லன்னு...” அவளுக்கு மூச்சு வாங்கியது. “ஒத்தையில போவல்லன்னு எனக்கு ஒருத்தரும் சொல்லல்ல, அத்தான்.”

அவள் கை அந்த விரல்களிலிருந்து நழுவி, தலை அவர் முழங்காலில் சாய்ந்தது. ததேயுஸ் அதன்மேல் வலது கையை வைத்தார்.

உள்ளங்கை முழுவதும் பட்டது.